கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டும் முன்

"ஏழு மணிக்கு பரோட்டா சாப்பிட்டேன், எட்டரைக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தக் கடையை முதலில் இழுத்து மூடணும்." இதைச் சொல்லாத வீடு இருக்காது. உணவு நஞ்சாதல் விஷயத்தில் நாம் செய்யும் முதல் தவறும் இதுதான், கடைசிச் சாப்பாட்டின் மேல் பழி போடுவது.

கிருமிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் உணவிலேயே நஞ்சை உண்டாக்கி வைத்திருக்கும் என்பதால் அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரலாம், ஆறு நாள் கழித்தும் வரலாம். ஷிகெல்லாவுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு ஏறத்தாழ நான்கு வாரம். போன மாதம் எங்கே என்ன தின்றோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? அதனால்தான் விசாரிக்க வருபவர்கள் கடைசி வேளையோடு நிறுத்தாமல் மூன்று நாள் சாப்பாட்டையும் கேட்பார்கள். கூடச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களையும் விடமாட்டார்கள். துப்பு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

எங்கள் உறவில் ஒரு வளைகாப்பு. மத்தியானம் பந்தி முடிந்து மூன்று மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பேருக்கு வாந்தி. எல்லோரும் ஐஸ்கிரீமைத்தான் திட்டினார்கள். ஐஸ்கிரீமைத் தொடாத இரண்டு பாட்டிகளுக்கும் வாந்தி என்றதும்தான் பேச்சு தேங்காய் சாதத்தின் பக்கம் திரும்பியது. விடிகாலை ஐந்து மணிக்கு வடித்த சோறு, அண்டாவில் மூடியபடியே பதினொரு மணி வரை இருந்திருக்கிறது. மேலே ஆறியதுபோல் இருந்தாலும் கரண்டியை நடுவில் விட்டால் வெதுவெதுப்பு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு கொதிக்கும்போது சாகாது. அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். இதெல்லாம் ஊகம்தான். யாரோ சுறுசுறுப்பாக அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டதால் சோதனைக்கு அனுப்ப ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.

"திரும்பச் சுட வைத்தால் சரியாகிவிடும்" என்பது அடுத்த தவறு. கிருமி செத்தாலும் அது சோற்றில் விட்டுப்போன நஞ்சு கொதியிலும் அழியாது. வாசனை பார்த்தும் பயனில்லை, கெட்ட வாடை வராமலே நஞ்சு இருக்கும். சூடாக வைக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல், குளிர வைக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ். சோற்றை அகலமான தட்டுகளில் பரப்பி ஆற வைப்பது நல்லது. புளியோதரை இந்த விஷயத்தில் தேங்காய் சாதத்தைவிடக் கெட்டி. புளிப்பு காவல் இருக்கும்.

ஷவர்மா கதை வேறு. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. சுற்றும் கம்பியில் இறைச்சியின் வெளிப்பக்கம் கருகினாலும் உள்பக்கம் வேகாமல் இருக்கலாம். கூடவே வரும் மயோனைஸ் பச்சை முட்டையில் அடித்ததாக இருந்தால் சால்மோனெல்லாவுக்குக் கதவு திறந்த மாதிரி. தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது இதனால்தான்.

கடைச் சுவரில் மாட்டிய, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க எண்ணைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுவதையும் தவறு என்றே சொல்வேன். சின்னக் கடைக்குப் பதிவு, பெரிய கடைக்கு உரிமம். இரண்டுமே தொழில் நடத்த அனுமதி, அவ்வளவுதான். இன்று காலை அந்தச் சமையலறை எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

பிரச்சினை வந்ததும் பலர் முதலில் வீடியோ எடுக்கிறார்கள், மிச்சத்தைக் குப்பையில் போடுகிறார்கள், பிறகுதான் புகார். வரிசையை மாற்றுங்கள். மிச்ச உணவை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மேலே தேதியும் நேரமும் எழுதுங்கள். பில்லை எறியாதீர்கள். மருத்துவரிடம் எங்கே, எப்போது சாப்பிட்டீர்கள் என்று சொல்லி, மலப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அன்றைக்கே உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குத் தகவல் போகட்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் எடுக்கும் மாதிரிதான் வழக்கில் நிற்கும், நாலு நாள் கழித்து வந்தால் அங்கே கழுவிய பாத்திரம்தான் இருக்கும். மாதிரி கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆய்வகங்களில் ஒன்றுக்குப் போகும். அறிக்கைக்குச் சட்டம் தரும் கெடு 14 நாள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் 65-ஆம் பிரிவுப்படி இறப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் அந்த உணவால்தான் என்று நிறுவ வேண்டும். அங்கேதான் பல புகார்கள் தடுக்கி விழுகின்றன.

அப்புறம், மருந்து. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் போட்டுக் குழந்தைக்குக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உப்பு கூடிப்போய் அது வேறு வம்பு.