மாற்று மானிட்டரும் பழைய ஆர்கேட் பெட்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளக்கைப் பிடுங்காமல் கை வைப்பது, ஸ்க்ரூவைத் தொலைப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை ஒருமுறை செய்தாலே புத்தியில் ஏறிவிடும். பழைய ஆர்கேட் கேம் பெட்டியில் வேறு மானிட்டர் மாட்டும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வேறு சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். முன்னால் வந்தவர்களும் விழுந்த அதே குழிகள்தான்.

எந்த அலைவரிசை என்று பார்க்காமல் வாங்குவது

எண்பதுகளின் பெரும்பாலான ஆர்கேட் போர்டுகள் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸில் கோடு போடுபவை, அதாவது பழைய டிவியின் வேகம். கணினியின் விஜிஏ மானிட்டர் 31.5 கிலோஹெர்ட்ஸ். நடுவில் 24–25 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரு வகை உண்டு. 'பேப்பர்பாய்', 'ஹார்ட் டிரைவின்' கேம்கள் இரண்டும் அந்த வகை. 15 மட்டும் எடுக்கும் மானிட்டரில் அவற்றைச் செருகினால் படம் கிழிந்து சாய்கோடுகளாக ஓடும். படத்தை நிலைப்படுத்தும் 'ஹோல்ட்' திருகியைத் திருகித் திருகிப் பார்ப்பதில் பயனில்லை, அது எட்டும் தூரமே வேறு. 15 கிலோஹெர்ட்ஸ் பிக்சர் டியூப் மானிட்டருக்கு 31 கொடுத்து அப்படியே ஓட விட்டாலோ ஹாரிஸான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

ஆஸ்டராய்ட்ஸ், டெம்பஸ்ட்

இந்த கேம்களுக்கு வேண்டியது வெக்டர் மானிட்டர், அதாவது படத்தின் கோடுகளை நேராக வரையும் வகை. சாதாரண மானிட்டர் எதுவும் பொருந்தாது. தேடாதீர்கள்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறிவது

மெயின்ஸையும் மானிட்டரையும் ஒயர் தொடர்பே இல்லாமல் பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். எத்தனை முறை எச்சரித்தாலும் குறையாத தவறு இது. பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

எலக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் கே7000 போன்ற மானிட்டர்களுக்குள் வரும் ஏசி நேராக, ஏசியை டிசியாக்கும் நாலு டையோடு பிரிட்ஜுக்குப் போகிறது. அந்த பிரிட்ஜின் மைனஸ் முனைதான் மானிட்டரின் கிரவுண்ட். அதாவது அந்த கிரவுண்டுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு டையோடு. டிவி மெக்கானிக்குகள் இதை ஹாட் சேசிஸ் என்பார்கள். பழைய டிவியில் இது ஓடியதற்குக் காரணம், அதன் பெட்டிக்குள்ளிருந்து எந்த ஒயரும் வெளியே எர்த்தைத் தொடவில்லை. ஆர்கேட் பெட்டியில் நிலைமை வேறு. மானிட்டரின் வீடியோ கிரவுண்ட் கேம் போர்டுக்குப் போகிறது, போர்டின் கிரவுண்ட் பவர் சப்ளை வழியாக எர்த்துக்குப் போகிறது. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் ஃபேஸ் ஒரே டையோடு வழியாக எர்த்தோடு ஷார்ட். போவது ஃபியூஸும் பிரிட்ஜும் மட்டுமல்ல. கேம் போர்டைப் பெட்டியோடு இணைக்கும் ஜாமா கனெக்டரின் 14ஆம் பின், அதாவது வீடியோ கிரவுண்ட், போர்டுப் பக்கம் கருகி உரிந்து வந்த கதைகள் நிறைய.

தவறு எப்படி நடக்கிறது என்பது இன்னும் எரிச்சலானது. பழைய லீனியர் பவர் சப்ளையை எடுத்துவிட்டு எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) போடுகிறார்கள், சரி. பெட்டியின் அடித்தட்டில் கிடக்கும் கனமான இரும்புக் கட்டி இனித் தேவையில்லை என்று அதையும் கழற்றிப் போடுகிறார்கள். பல பெட்டிகளில் மானிட்டருக்குத் தனி ஏசி கொடுத்த சுற்றே அந்தக் கட்டியில்தான் இருந்தது! பிறகு மாற்று மானிட்டரை நேராக மெயின்ஸில் செருகுகிறார்கள். சில பெட்டிகளில் வீடியோ கனெக்டரைச் செருகாதவரை மானிட்டர் ஒழுங்காகவே எரியும், செருகிய நொடியில் ஃபியூஸ் போகும். போர்டில் கோளாறு என்று நினைத்து போர்டை மாற்றுவார்கள், இரண்டாவது போர்டும் போகும். வீட்டில் மின்கசிவைக் கண்டால் அணைக்கும் ஆர்சிசிபி இருந்தால் அது டிரிப் ஆகும். அதை எரிச்சலோடு பைபாஸ் செய்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன ஒரே சாட்சி அதுதான்.

230 வோல்ட் ஊர்களில் இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கப் பெட்டியை இறக்கியவர்கள் கடையில் 110 வோல்ட் 'ஸ்டெப்-டவுன்' வாங்கிப் போட்டு, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். மலிவான ஸ்டெப்-டவுன்களில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே சுற்றில் நடுவே டேப் எடுத்தது. அது வோல்ட்டைக் குறைக்கும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது. கண்டுபிடிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து உள்வரும் ஒயருக்கும் வெளிப்போகும் ஒயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். எந்த ஜோடியிலும் 'ஓஎல்' (தொடர்பே இல்லை என்று அர்த்தம்) காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் அது இந்த வேலைக்கு உதவாது.

வாங்க வேண்டியது: முதன்மைச் சுற்று 230, தனியாகச் சுற்றிய இரண்டாம் சுற்று 115–120 வோல்ட், 150 முதல் 200 விஏ. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்ததாக இருக்கட்டும். 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் இங்கே சூடேறும். இரண்டாம் சுற்றில் தனி ஃபியூஸ் போடுங்கள். அதன் எந்த ஒயரையும் எர்த்தோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் செலவழித்தது வீண்.

முதல்முறை ஓட்டும்போது 230 பக்கம் 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போடுங்கள். அதற்கு முன் டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயிலின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது இழுக்கும் கரண்டில் பல்பு பளீரென்று எரிந்து உங்களை ஏமாற்றும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். உள்ளேயே எஸ்எம்பிஎஸ் வைத்து மெயின்ஸிலிருந்து பிரித்துச் செய்த பிற்கால மானிட்டர்களுக்கு இந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஆனால் அதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அனுமானத்தில் வேண்டாம்.

டாங்கி காங் பெட்டியில் 'மானிட்டர் கெட்டுவிட்டது' என்பது

1981இன் நின்டெண்டோ பெட்டிகளில் இருந்தது சான்யோ 20ஈஇசட். அதை எடுத்துவிட்டு வேறு மானிட்டர் போட்டால் கறுப்பாக இருக்க வேண்டிய பின்னணி வெள்ளையாகவும், நிறங்கள் ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரியும் வரும். எதுவும் கெடவில்லை. அந்த போர்டு வீடியோவைத் தலைகீழாக அனுப்புகிறது, சான்யோ அதை நேராக்கிக் காட்டியது. நடுவே ஒரு வீடியோ இன்வெர்ட்டர் போர்டு வேண்டும்.

அதைச் சரிசெய்ததும் சத்தம் வராது. சத்தத்தைத் தேடி போர்டைக் கழற்றுபவர்கள் உண்டு. ஆடியோ ஆம்ப்ளிஃபயர் இருந்ததே பழைய மானிட்டருக்குள்தான், மானிட்டரோடு அதுவும் போய்விட்டது. தனியாக ஒரு சிறிய ஆம்ப் போட வேண்டும். மூன்றாவது, சான்யோவுக்குப் போனது 100 வோல்ட். 120 கேட்கும் மானிட்டரை அந்த லைனிலேயே மாட்டிவிட்டு, படம் சுருங்கியிருக்கிறது என்று அகலத்தைத் திருகாதீர்கள்.

சிங்க்

சிங்க் என்பது கோடும் படமும் எங்கே தொடங்க வேண்டும் என்று போர்டு மானிட்டருக்குச் சொல்லும் சிக்னல். படம் மேலும் கீழுமாக உருண்டால் வெர்டிகல் சிங்க் வரவில்லை, சாய்வாகக் கிழிந்தால் ஹாரிஸான்டல். ஜாமாவில் பி (P) பின்னில் வருவது இரண்டும் சேர்ந்த நெகட்டிவ் காம்போசிட் சிங்க். எச், வி தனித்தனியாகக் கேட்கும் மானிட்டரில் நெகட்டிவ் பின்கள் இரண்டுக்கும் அதைக் கொடுங்கள். பாசிட்டிவ் பின்னில் போட்டுவிட்டு ஹோல்டைத் திருகுவதுதான் வழக்கமாக நடப்பது.

ஒரு நிறம் இல்லையென்றதும் மானிட்டரின் சேசிஸைக் கழற்றுவது

மானிட்டர் முனையில் காணாத நிறத்தின் ஒயரை இன்னொரு நிறத்தின் ஒயரோடு இடம் மாற்றுங்கள். காணாத நிறமும் மாறினால் கோளாறு போர்டிலோ ஒயரிலோ. மாறாவிட்டால் மானிட்டரில்.

எல்சிடி போட்டால் தொல்லை இல்லை என்பது

ஆர்கேட் போர்டின் நிற சிக்னல் 3 வோல்ட்டுக்கு மேலேயும் வரும், விஜிஏ எதிர்பார்ப்பது 0.7. ஆர்கேட் சிக்னலை விஜிஏவாக மாற்றும் ஜிபிஎஸ்-8200 மாதிரி கன்வெர்ட்டரில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று திருகிகள் இருக்கும், குறைந்த நிலையில் தொடங்கி ஏற்றுங்கள். வெளுத்துப் போன படத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அப்புறம் வேகம்: 'பேக்-மேன்' நொடிக்கு 60.6 படம், 'மோர்ட்டல் காம்பட்' சுமார் 54.7, 'ஆர்-டைப்' 55. 60இல் நிற்கும் எல்சிடியில் கடைசி இரண்டும் திணறுவது தெரியும். அது கன்வெர்ட்டரின் கோளாறு அல்ல, மாற்றி வாங்கிப் பயனில்லை. நின்றவாக்கில் திருப்ப வேண்டிய கேம் என்றால் டிஎன் பேனல் வாங்காதீர்கள், பக்கவாட்டில் நிற்பவருக்கு நிறம் மாறித் தெரியும்.

டியூபை டிஸ்சார்ஜ் செய்வது

டியூபில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கும் ஒயரின் கிளிப் முனை டியூபின் முதுகில் ஓடும் வெற்றுச் செப்புப் பின்னலில். வேறெங்கும் இல்லை.

விட்த் காயிலை இரும்புச் சாவியால் திருகுவது

படத்தின் அகலத்தை மாற்றும் இந்தக் காயிலின் உள்ளே இருப்பது ஃபெரைட், உடையும். பிளாஸ்டிக் அறுகோணச் சாவி மட்டும்.

மானிட்டரைத் திருப்பியதும் நிறத்திட்டு

படுத்த மானிட்டரை நிமிர்த்தினால் மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டு வரும். பூமியின் காந்தப்புலம் டியூபுக்கு வேறு கோணத்தில் படுகிறது, அவ்வளவுதான். கழுத்தில் இருக்கும் காந்த வளையங்களைத் தொடாமல், முதலில் கைக் காயிலால் டீகாஸ் செய்யுங்கள். சுழற்றிக்கொண்டே இரண்டு மீட்டர் பின்னால் போன பிறகுதான் ஸ்விட்சை விட வேண்டும். பக்கத்தில் வைத்தே அணைத்தால் திட்டு முன்னைவிடப் பெரிதாகும்.