நைலான் முடிச்சு ஏன் அவிழ்ந்தது: என் அனுபவம்

காயத்துக்குத் தையல் போடும் பயிற்சியில் எங்கள் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரே சிக்கல். தோலோடு கூடிய கோழிக்காலில் 3-0 (நூலின் தடிமன் அளவு) நைலானால் போட்ட முடிச்சு, போட்டவுடன் நன்றாகத்தான் இருக்கும். தோலை இருபுறமும் லேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு காயம் வாய் பிளந்துவிடும். அதே கைகள் சில்க் நூலில் போட்டால் அசையாது.

நூல் பழசோ என்று புது பாக்கெட் பிரித்தோம். முடிச்சுகளைக் கூட்டிப் பார்த்தோம், குமிழ் பெரிதானதுதான் மிச்சம். இன்னும் பலமாக இழுத்தால் தோல் கிழிந்தது.

அப்புறம் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு தடித்த கயிறுகளை முனையில் சேர்த்துக் கட்டி, மேசைக்காலைச் சுற்றிவிட்டு, அதே முடிச்சை மெதுவாகப் போடச் சொன்னேன். சிவப்பு கம்பி மாதிரி விறைப்பாக நிற்க, வெள்ளை மட்டும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரு நூலும் ஒன்றையொன்று சமமாகப் பின்னிப் படுத்து இறுகும் சதுர முடிச்சே விழவில்லை! இறுக்கும்போது ஒரு கை மேலே உயர்ந்ததுதான் காரணம். சில்க் பின்னல் நூல், அதன் உராய்வு பிழையை மறைத்துவிட்டது. நைலான் வழவழப்பான ஒற்றை இழை, மறைக்காது.

சரிசெய்தது இப்படி: முதல் முடிச்சுக்கு இரட்டைச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நீடில் ஹோல்டர் (ஊசியைப் பிடிக்கும் கருவி) இரண்டு நுனிகளுக்கும் நடுவில். ஒவ்வொரு முடிச்சுக்கும் கைகள் பக்கம் மாற வேண்டும். இழுப்பு தோலோடு படுத்தவாக்கில், இரு கையிலும் ஒரே அளவு. அன்றே முடிச்சுகள் நின்றன, பெரிய நிம்மதி. இப்போது கயிற்றில் தேறிய பிறகுதான் நைலான் கொடுக்கிறேன்.