கேடென்லைவில் ஒலி தள்ளிப்போகிறதா?

லினக்ஸில் கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள் கொண்டு எடிட் செய்யும்போது, போனில் எடுத்த வீடியோவில் உதட்டசைவும் ஒலியும் போகப்போக விலகினால், பெரும்பாலும் காரணம் மூலக் கோப்புதான். பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. கிளிப்களை வரிசையாக வைத்து வெட்டும் டைம்லைனோ ஒரே வேகத்தில் ஓடும். ஒலியை நகர்த்திச் சரிசெய்யாதீர்கள், சற்று தள்ளி மறுபடி விலகும்.

வெட்டத் தொடங்கும் முன்பே, சேர்த்த கோப்புகள் பட்டியலிடப்படும் ‘புராஜெக்ட் பின்’ பகுதியில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து ‘டிரான்ஸ்கோட் டு எடிட் ஃப்ரெண்ட்லி ஃபார்மட்’ (எடிட்டுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்று) கொடுங்கள். கோப்பு நன்றாகவே பெரிதாகும், டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இடமில்லையென்றால் வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில், வீடியோ டேபில் 30 ஃபிரேம், ‘கான்ஸ்டன்ட்’ (மாறாத வேகம்) என்று வைத்து மாற்றுங்கள்.

4கே கிளிப் திக்குவது வேறு சிக்கல். அதற்கு ‘பிராக்சி கிளிப்’ (எடிட் செய்ய மட்டும் பயன்படும் இலகுவான நகல்) போதும்; ரெண்டர், அதாவது இறுதி வீடியோ, அசல் கோப்பிலிருந்தே வரும்.