நூலகக் கணினியை விட்டு எழும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுக் கணினி என்றதும் எல்லோருக்கும் ஹேக்கர் பயம்தான் முதலில் வருகிறது. எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவன் நம் கடவுச்சொல்லைத் திருடிவிடுவான் என்று நினைக்கிறோம். நூலகத்தில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. அங்கே நம் விவரங்களை நாமே விட்டுவிட்டு வருகிறோம். அடுத்து அதே நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தொழில்நுட்பத் திறமை எதுவும் தேவையில்லை. மவுஸை நகர்த்தினால் போதும்.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமாகட்டும், மதுரையில் 2023-இல் வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமாகட்டும், மாவட்ட மைய நூலகங்களாகட்டும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களை அங்கே எந்நேரமும் பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு, ஹால் டிக்கெட், கல்வி உதவித்தொகை, பொறியியல் கலந்தாய்வு என எல்லாமே இப்போது இணையத்தில்தான். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு நூலகம்தான் கதி. அவர்களிடம் போய், “பொதுக் கணினியில் முக்கியமான வேலை எதையும் செய்யாதீர்கள்” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. வேறு வழி இருந்தால் அவர்கள் ஏன் வருகிறார்கள்? அந்த வேலையை எந்தத் தவறும் இல்லாமல் முடித்துக்கொண்டு எழுவது எப்படி என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரை மறப்பது. நாள் முழுக்கப் பலர் பயன்படுத்திய ஒரு கணினியில் அதைத் திறந்து பார்த்தால் உள்ளே என்னென்ன இருக்கும்? ஒருவரின் ஹால் டிக்கெட், இன்னொருவரின் சாதிச் சான்றிதழ், மூன்றாமவரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் உள்ள ஒரு சுயவிவரம், வெள்ளைத் தாளில் போட்டு ஸ்கேன் செய்த கையெழுத்து. விண்ணப்பத்தில் ஏற்றுவதற்காக வெட்டிச் சிறிதாக்கிய அந்தக் கையெழுத்துப் படத்தை வேறு எந்தத் தாளிலும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இவை சாதாரணக் கோப்புகள். ஒரே ஆளின் கோப்புகளாகச் சேர்ந்து கிடைத்தால், அவர் பெயரில் சிம் வாங்கவோ கடன் கேட்கவோ முயல்கிறவனுக்கு அதுவே முதல் படி.

இ-ஆதார் கோப்புக்குத்தான் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அந்தக் கடவுச்சொல் எல்லோருக்கும் ஒரே விதிப்படி அமைவது: பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த ஆண்டு. கவிதா 2001-இல் பிறந்தவர் என்றால் கே, ஏ, வி, ஐ, பிறகு 2001. அவ்வளவுதான். அதே ஃபோல்டரில் அவருடைய சுயவிவரமும் கிடந்தால் பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியும் கிடக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பொதுக் கணினியில் இ-ஆதாரைப் பதிவிறக்காதீர்கள், பதிவிறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக நீக்கிவிடுங்கள் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று அந்த அறிவிப்பை இரண்டே நாளில் மத்திய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால், அந்த ஒரு வரியை மட்டுமாவது ஒவ்வொரு நூலகத்திலும் எழுதி ஒட்டலாம். பதிவிறக்கியே ஆக வேண்டும் என்றால், முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ‘மாஸ்க்டு ஆதார்’ இருக்கிறது. முழு எண்ணைக் கேட்காத இடங்களுக்கு அதுவே போதும்.

கோப்பை அழித்தேன் என்று சொல்பவர்களில் பலர் அதை ரீசைக்கிள் பின்னுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். அங்கிருந்து யாரும் ஒரே சொடுக்கில் மீட்டுவிடலாம். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டெலிட் அழுத்தினால் கோப்பு அங்கே தங்காது. ஸ்கேன் செய்தவர்கள் ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டர்களையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஸ்கேனர்கள் படத்தை அங்கேதான் பெரும்பாலும் போடுகின்றன. கணினியை மறுபடி இயக்கும்போது எல்லாவற்றையும் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருளைச் சில இடங்களில் போட்டிருப்பார்கள். ஆனால், நீங்கள் எழுந்ததற்கும் அந்தக் கணினி அணைக்கப்படுவதற்கும் இடையில் எத்தனை பேர் உட்காருவார்கள்? நம் கோப்பை நாமே அழிப்பதுதான் சரி.

அடுத்தது, பிரவுசரில் தடயம் விடாமல் உலவ உதவும் தனிச் சாளரமான இன்காக்னிட்டோவைப் பற்றிய அளவுகடந்த நம்பிக்கை. அந்தச் சாளரத்தில் வேலை செய்வது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. பார்த்த பக்கங்களின் வரலாறும் உள்நுழைவு விவரங்களும் அதை மூடியதும் போய்விடும். பதிவிறக்கிய கோப்புகள் போகாது. அவை எப்போதும்போல டவுன்லோட்ஸில் உட்கார்ந்திருக்கும். ஒரு டேபை மட்டும் மூடினாலும் போதாது. திறந்திருக்கும் இன்காக்னிட்டோ சாளரங்கள் அனைத்தையும் மூடினால்தான் அது முடிவுக்கு வருகிறது.

சாதாரணச் சாளரத்தில் வேலை செய்தவர்கள் மூலையிலுள்ள எக்ஸ் குறியை அழுத்திவிட்டு எழுந்து போவதை அடிக்கடி பார்க்கலாம். சாளரத்தை மூடுவது வேறு, லாக் அவுட் செய்வது வேறு. அடுத்தவர் ஜிமெயில் என்று தட்டியதும் உங்கள் அஞ்சல்பெட்டி நேராகத் திறக்கும். ஒருவரின் மின்னஞ்சல் கையில் இருந்தால் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்ற வழியாக அவருடைய மற்றக் கணக்குகள் பலவற்றுக்குள்ளும் நுழைந்துவிடலாம். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும் அந்தச் சிறு பெட்டியிலும் அவசரத்தில் ‘சரி’ கொடுத்துவிடாதீர்கள். லாக் அவுட் செய்தோமா என்ற சந்தேகம் பஸ்ஸில் ஏறிய பிறகு வந்தாலும் பதற வேண்டாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்று இருக்கும். கைபேசியிலிருந்தே அந்தக் கணினியை வெளியேற்றிவிடலாம்.

வாட்ஸ்அப் வெப் இன்னும் ஏமாற்றக்கூடியது. கைபேசியிலிருந்து கோப்பைக் கணினிக்கு மாற்ற அதைத்தான் எல்லோரும் திறக்கிறார்கள். கைபேசி நம் பையில்தானே இருக்கிறது, வெளியே போனதும் அது நின்றுவிடும் என்பது பழைய காலத்து நினைப்பு. இப்போது கைபேசியில் இணையமே இல்லாவிட்டாலும் கணினியில் அது ஓடிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலைத் திறந்து, வேலை முடிந்த கையோடு வெளியேற்றுங்கள். ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதாரை அனுப்பி அச்செடுக்கிறவர்களுக்கும் இதே கதைதான். தாள் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று, கடைக்காரரை அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தட்டச்சு தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடமோ நூலகரிடமோ கடவுச்சொல்லைச் சொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். உதவி கேட்பது தவறே இல்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று அவர்கள் காட்டட்டும். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் நீங்களே ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள், எவ்வளவு நேரமானாலும் சரி. நல்ல நூலகர் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கட்டணம் செலுத்தும்போது வங்கிக் கணக்கிலோ கார்டு எண்ணிலோ கை வைக்காமல், யுபிஐ வசதி இருந்தால் திரையில் வரும் கியூஆர் குறியீட்டை உங்கள் கைபேசியில் ஸ்கேன் செய்யுங்கள். அப்போது அந்தக் கணினியில் எந்த எண்ணும் பதியாது.

தேடுபொறியில் தேர்வின் பெயரைத் தட்டி, முதலில் வரும் இணைப்பைத் திறப்பதும் ஆபத்து. அது விளம்பரமாக இருக்கலாம், அரசுத் தளத்தைப் போலவே செய்த போலியாகவும் இருக்கலாம். தேர்வு அறிவிக்கையில் அச்சிட்டிருக்கும் முகவரியைப் பார்த்து அப்படியே அடிப்பதே பாதுகாப்பு. இந்திய அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடியும். அந்த முடிவு தனியாருக்குக் கிடைக்காது. முகவரிக்கு அருகே பூட்டுப் படம் இருந்தால் தளம் உண்மையானது என்று நம்பிவிட வேண்டாம். தகவல் நடுவழியில் படிக்கப்படாது என்பதற்குத்தான் அது அடையாளம். போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் வைரஸ் தெரியாதவர்கள் குறைவு. பொதுக் கணினியில் செருகியதை வீட்டிலோ அலுவலகத்திலோ ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். சான்றிதழ்களின் ஒரே பிரதி பென் டிரைவில்தான் இருக்கிறது என்ற நிலையும் வேண்டாம். மத்திய அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் ஒன்று இருக்கட்டும். நூலக வைஃபை என்றால் அதன் சரியான பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இணையுங்கள், அதே போன்ற பெயரில் வேறு யாரும் ஒன்றை வைத்திருக்க முடியும்.

இதையெல்லாம் தாண்டியும் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். இது சைபர் நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண். விரைவாகச் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அவமானமாக இருக்கிறது, வீட்டில் திட்டுவார்கள் என்று ஒரு நாள் தள்ளிப்போடுவது மோசடிக்காரனுக்குச் செய்யும் உதவி.

அடுத்தவருக்கு நாம் செய்யும் தவறுகளும் இருக்கின்றன. விண்ணப்பத்தின் கடைசி நாளில் வரிசை நிற்கும்போது ஒரு கணினியை மறித்துக்கொண்டு சினிமா பதிவிறக்குவது, பக்கத்துத் திரையை எட்டிப் பார்ப்பது, குழந்தைகள் நடமாடும் இடத்தில் அவர்கள் பார்க்கக் கூடாததைத் திறப்பது, எல்லாமே அந்த வகை. உட்கார்ந்ததும் முன்னவரின் ஜிமெயில் திறந்தபடி இருந்தால் ஒரு கடிதத்தையும் படிக்காமல் லாக் அவுட் செய்யுங்கள். விளையாட்டுக்காக அவர் பெயரில் ஒரு வரி அனுப்பினாலும் அது குற்றமாகலாம். அடுத்தவரின் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. முன்னவரின் சான்றிதழ்கள் டவுன்லோட்ஸில் கிடந்தால் நூலகரைக் கூப்பிட்டுக் காட்டி, உங்கள் முன்னிலையில் அழிக்கச் சொல்லுங்கள். ஹால் டிக்கெட் அச்செடுக்க வந்தவர் இன்னும் வாசலைத் தாண்டாமல் இருந்தால், ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்து அவரையே அழிக்க வைப்பது அதைவிட நல்லது.