தகரக் கூரையின் கீழே முதல் கித்தார் பதிவு: கைப்பேசியில் எடுத்து அடுத்தவருக்கு அனுப்புவது வரை

கித்தார் கற்க ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும், நாலைந்து கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல்பிடி) தடுமாறாமல் மாறும், ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க முடியும், ஆனால் வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. அப்படி இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்). நல்ல மைக் வாங்கிய பிறகு பதிவு செய்யலாம் என்று ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். அது தேவையில்லாத காத்திருப்பு. எவ்வளவு நல்ல மைக்காக இருந்தாலும் தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியையும் பக்கத்து வீட்டுச் சேவலையும் சேர்த்துத்தான் எடுக்கும். முதல் பதிவு நன்றாக வருவதும் வராமல் போவதும் எந்த நேரத்தில், எந்த அறையில், எவ்வளவு தூரத்தில் வைத்து எடுக்கிறோம், எடுத்ததை எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதற்கெல்லாம் காசு செலவில்லை.

1. முதலில் வீட்டின் சத்தத்தைக் கேளுங்கள்

கித்தாரைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். காலை 6 மணி, 10 மணி, மதியம் 2 மணி, இரவு 7.30, இரவு 11 என்று ஐந்து முறை, வாசிக்கப்போகும் அறையில் கைப்பேசியை வைத்து ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்து, பிறகு இயர்ஃபோனில் கேளுங்கள். தினமும் கேட்டுப் பழகிய சத்தத்தை நம் காது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், கைப்பேசி எதையும் விடாது.

எங்கள் வீட்டில் காலையில் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள், பத்து மணிக்குமேல் பழக்குலை ஏற்றிப்போகும் லாரி, நாலு மணி வாக்கில் மழை. தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் அன்றைய பதிவை மறந்துவிட வேண்டியதுதான், அந்த இரைச்சலை மென்பொருளால் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். பொழுது சாயும்போது சில்வண்டு, அது ஓய்ந்தால் கோயில் பக்கம் உறுமி மேளப் பயிற்சி. எனக்குக் கிடைத்தது மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை, அதிகாலை வேலை முடித்தவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். உங்கள் வீட்டுக்கு வேறு நேரமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காற்றாடியைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். இரைச்சல் மட்டும் பிரச்சினை இல்லை, சுற்றும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி, நீண்டு ஒலிக்கும் சுரத்தை நடுங்க வைக்கும். வியர்க்கும்தான். ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நிமிடம் வாசியுங்கள், காற்றாடியைப் போட்டுவிடுங்கள், உடம்பு ஆறியதும் மறுபடி நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் அறைக்குள் கேட்டால் அதையும் அணைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போட மறக்கவே மாட்டீர்கள்.

2. அறை

அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். 'ட்ர்ர்' என்று ஒரு அதிர்வு திரும்பி வந்தால் சிமெண்டுச் சுவர்களும் டைல்ஸ் தரையும் ஒலியை மாற்றி மாற்றி வீசுகின்றன என்று அர்த்தம். அதை உறிஞ்ச மெத்தையும் துணியும் போதும். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், தரையில் கனமான போர்வை விரியுங்கள். அம்மாவின் சேலை அலமாரியை முழுக்கத் திறந்து அதைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தபோதுதான் எனக்கு அறைச் சத்தம் அடங்கிய ஒலி முதன்முதலாகக் கிடைத்தது. வரிசையாகத் தொங்கும் முப்பது நாற்பது சேலைகள் அருமையாக ஒலியை வாங்கிக்கொள்ளும். மூலையில் மட்டும் உட்காராதீர்கள், தாழ்ந்த ஒலி அங்கே தேங்கி எல்லாம் மொத்தையாகக் கேட்கும்.

3. கம்பி

நம் ஊர் ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து மங்கிவிடும். மாற்றுவதாக இருந்தால் பதிவுக்கு இரண்டு நாள் முன்பே மாற்றுங்கள், புதுக் கம்பி இழுபட்டு நிலைக்க நேரம் வேண்டும். ஒவ்வொரு முறை வாசிப்பதற்கு முன்பும் சுருதியை டியூனரில் பாருங்கள், காற்றாடியை நிறுத்தி அறை சூடேறினாலே சுருதி நகரும்.

4. கைப்பேசியை எங்கே வைப்பது

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஒலி வரும் இடம் கித்தாரின் நடுத்துளை என்று நினைத்து நேராக அதன் முன்னால் வைத்துவிடுகிறோம். அந்தத் துளை வழியாக உள்ளிருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு நூறு அதிர்வு) அளவில் தள்ளிக்கொண்டு வரும், அதனால் 'பும் பும்' என்ற தாழ்ந்த ஒலி மற்றதையெல்லாம் மூடிவிடும். கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் 12ஆவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பார்த்து வையுங்கள். தூரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அதாவது 20 முதல் 30 சென்டிமீட்டர். கிட்டே போனால் விரல் உரசும் சத்தம் தூக்கும், தள்ளிப் போனால் கித்தாரைவிட அறை அதிகமாகக் கேட்கும்.

பெரும்பாலான கைப்பேசிகளில் முக்கிய மைக் கீழ் விளிம்பில் இருக்கும், அந்த விளிம்பு கித்தாரைப் பார்க்கட்டும். நான் நாற்காலிமேல் இரண்டு மைலோ டின்னை அடுக்கி, மேலே மடித்த துண்டு போட்டு அதில் சாய்த்து வைக்கிறேன். துண்டு அவசியம், இல்லையென்றால் கால் தட்டும் அதிர்வு நேராக மைக்குக்கு ஏறும்.

அப்புறம் சோதனைப் பதிவு. 'துளைக்கு நேராக', 'பன்னிரண்டாவது ஃப்ரெட்', 'பிரிட்ஜுக்குப் பின்னால்' (பிரிட்ஜ் என்பது உடலில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) என்று வாயால் சொல்லிவிட்டு, மூன்று இடத்திலும் அதே நாலு வரியை வாசியுங்கள். சொல்லாமல் எடுத்தால் கேட்கும்போது எது எதுவென்று குழம்பிப்போகும். பதிவுச் செயலியில் அளவு காட்டும் கோடு இருந்தால், பாட்டில் மிகப் பலமாக அடிக்கும் இடத்தை வாசித்துப் பாருங்கள், கோடு மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழியும், கிழிந்ததைப் பழையபடி ஒட்டவைப்பது கடினம். செயலியின் தர அமைப்பில் வேவ் அல்லது 'இழப்பில்லாத' வகையைத் தேர்ந்தெடுங்கள். விமானப் பயன்முறையையும் போட்டுவிடுங்கள், கடைசி வரியில் அத்தை அழைத்தால் மனசு உடைந்துபோகும்.

5. வாசிப்பு

இரண்டு நிமிடத்துக்குள் முடிவதை எடுங்கள். பதிவை அழுத்தியதும் ஐந்து விநாடி அசையாமல் இருங்கள், முடித்த பிறகும் கடைசிக் கம்பியின் ஒலி முழுக்க அடங்கும்வரை மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருங்கள். நடுவில் ஒரு கார்டு பிசகினால் நிறுத்தாதீர்கள். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் முதல் பத்து வரி மட்டும் நாற்பது தடவை நன்றாக வரும், முழுப் பாட்டு ஒன்றுகூட இருக்காது. மூன்று முறை முழுசாக வாசித்துவிட்டு எழுந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள், மறுநாள் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

6. கொஞ்சமாகத் திருத்துங்கள்

கணினி இருந்தால் ஆடாசிட்டி என்ற மென்பொருள், கைப்பேசி மட்டும் என்றால் பேண்ட்லேப் என்ற செயலி, இரண்டும் இலவசம். முன்னும் பின்னும் வெட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும்படி செய்யுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிடலாம், கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே இருப்பது லாரியும் காலடியும். ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது, அதற்கு மாதிரியாகத்தான் அந்த ஐந்து விநாடி மௌனம். ஆனால் அளவோடு. கூட்டினால் கித்தார் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். ரிவெர்ப் (பெரிய அறையில் வாசிப்பதுபோன்ற எதிரொலி) கொஞ்சம் போதும், முதல் பதிவுக்கு இல்லாமலே இருந்தாலும் நல்லதுதான்.

முடித்ததை இயர்ஃபோனில் ஒருமுறை, கைப்பேசி ஒலிபெருக்கியில் ஒருமுறை கேளுங்கள். சின்ன ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலியைத் தர முடியாது, கேட்பவர்களில் பாதிப்பேர் அதில்தான் கேட்பார்கள்.

7. அனுப்புவது

என் முதல் பதிவை அவசரத்தில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, குரல் செய்தியாகப் பிடித்து ஈப்போவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் கித்தார் வாசித்தவர். "என்னப்பா, டின்னுக்குள்ள உட்கார்ந்து வாசிச்சியா?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே பதிவைக் கோப்பாக அனுப்பியதும், "இது வேற கித்தார் மாதிரி இருக்கே" என்றார்.

குரல் செய்தி என்பது பேச்சுக்காக இறுக்கிச் சுருக்கப்படுவது, கித்தாரின் மேல் ஒலி அதில் தங்காது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'ஆவணம்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பாக அனுப்புங்கள், வைத்தது வைத்தபடி போகும். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பிதான், யாருக்கும் பாரமில்லை. வேவ் கோப்பு உங்களிடமே இருக்கட்டும், அதை அழிக்காதீர்கள்.

முதலில் இரண்டே பேருக்கு அனுப்புங்கள், ஒருவர் வாத்தியம் தெரிந்தவர், இன்னொருவர் தெரியாதவர். 'எப்படி இருக்கு' என்று மட்டும் கேட்காதீர்கள், நம் ஆட்கள் அன்பில் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வாத்தியம் தெரிந்தவரிடம் 'எந்த இடத்தில் வேகம் மாறுகிறது?' என்று கேளுங்கள், மற்றவரிடம் 'எந்த இடத்தில் கவனம் போனது?' என்று. சித்தப்பா சொன்ன "ரெண்டாவது சுத்துல உன் கை ஓடுதுப்பா" என்ற ஒரு வரிதான் அடுத்த மூன்று மாதம் நான் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமோடு உட்காரக் காரணம்.

ஊருக்கே கேட்கவேண்டும் என்றால் சவுண்ட்கிளவுட், யூடியூப். யூடியூபுக்கு வெறும் ஒலி போதாது, ஒரு படத்தைச் சேர்த்துக் காணொளியாக்க வேண்டும், கித்தாரைச் சேலை அலமாரிக்கு முன்னால் வைத்து எடுத்த படமே போதும். முதலில் 'பட்டியலிடப்படாதது' என்று ஏற்றினால் இணைப்பு கையில் இருப்பவர்கள் மட்டும் கேட்கலாம், மனம் தயாரானதும் பொதுவாக்கலாம். சினிமாப் பாட்டை வாசித்திருந்தால் உரிமையாளரின் கோரல் வரக்கூடும் என்பதை எதிர்பார்த்தே ஏற்றுங்கள். சொந்த மெட்டு என்றால் அந்தக் கவலை இல்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களே உருவாக்கிய மெட்டை ஒலிப்பதிவு செய்து வைத்தாலே அது உங்கள் படைப்பாகப் பாதுகாக்கப்படும், எங்கேயும் போய்ப் பதிந்தால்தான் உரிமை என்பதில்லை.

கோப்பின் பெயரில் பாட்டையும் தேதியையும் எழுதி வையுங்கள். கைப்பேசி இருந்த இடத்தையும் தூரத்தையும் ஒரு தாளில் குறித்து கித்தார் பைக்குள் போட்டுவிடுங்கள், மூன்று மாதம் கழித்து அதே பாட்டை அதே இடத்தில் எடுக்க அது வேண்டும்.