கடற்காற்று வீசும் வீட்டில் கண்ணாடிக் கலைப்பொருள்கள்

எதைச் சேர்ப்பது என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். நிறமோ, நாடோ, செய்முறையோ எதுவாயினும் சரி. இராமநாதபுரத்திலிருந்து புறப்பட்டால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம். முதல் பயணத்தில் எதையும் வாங்காமல் கண்ணைப் பழக்கிக்கொள்வதே நல்லது.

பொருளைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கையால் ஊதிய பொருளின் அடியில், செய்யும்போது தாங்கிப் பிடித்த இரும்புக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்த தழும்போ, அதைத் தேய்த்து மெருகேற்றிய குழியோ பெரும்பாலும் இருக்கும். பக்கவாட்டில் நேராக ஓடும் இணைப்பு வரி, அச்சில் உருவானதைக் காட்டும். கையொப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945இல் மறைந்த பின் வெளிவந்தவற்றிலும் அவருடைய முன்னெழுத்தைப் பொறித்து விற்றவர்கள் உண்டு.

நம் கரையில் உண்மையான எதிரி உப்பீரம்தான். கலவை சரியில்லாத பழைய கண்ணாடி, ஈரத்தை உறிஞ்சி வியர்வைபோல் துளிர்த்து, பின்னர் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கும். ஆகவே கடலை நோக்கிய சன்னலைத் தவிர்த்து, மூடிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்து, ஈரப்பதத்தை ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிலைநிறுத்த முயலுங்கள். மணல்தூசியைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும், மென்தூரிகையே போதும். பொன்பூச்சு உள்ளவற்றைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது.

அழகன்குளம் அகழாய்வில் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அத்தகைய மணிகளை மண்ணில் கண்டால், அவை தொல்லியல் துறைக்குரியவை. உங்கள் அலமாரிக்கு அல்ல.

வாங்கிய நாள், விலை, இடம், ஏற்கெனவே இருந்த கீறல் ஆகியவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதி, நிழற்படமும் எடுத்து வையுங்கள்.