இடைக்காலக் கல்யாண நாவல்களுக்குக் கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டை, போர்வீரன், அரசன் உத்தரவிட்ட கல்யாணம், முன்பின் பார்த்திராத மணமகன். இந்த வகை நாவலை முதல்முறை படித்துவிட்டுக் கருத்து எழுத உட்காருகிறவர்கள், முன்பு எழுதியவர்கள் விழுந்து எழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். கடைசி அத்தியாயத்தை முதல் வரியில் போட்டு உடைப்பது, பாதி படித்துவிட்டு முழுதுக்கும் தீர்ப்புச் சொல்வது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. விருந்து மேசையில் உருளைக்கிழங்கைக் கண்டுபிடித்த பெருமையும் வேண்டாம். அது 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்யும் தவறுகள் வேறு.

"அந்தக் காலத்தில் பெண்ணை யார் கேட்டார்கள்?"

இருப்பதிலேயே அதிகம் கெடுக்கும் தவறு இது. எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி முளைக்கிறது. நாயகி பீடத்தின் முன் நின்று "மாட்டேன்" என்கிறாள். உடனே ஒருவர் எழுதுகிறார்: "இவள் இந்தக் காலத்துப் பெண். 12ஆம் நூற்றாண்டில் இப்படிப் பேசியிருக்கவே முடியாது. ஆசிரியருக்கு வரலாறு தெரியவில்லை." இதன் மறுபக்கம் இன்னும் எரிச்சலூட்டும். நாயகன் பலவந்தம் செய்கிறான். "அந்தக் காலம் அப்படித்தான், கண்டுகொள்ளக் கூடாது" என்று சொல்லி ஐந்து நட்சத்திரம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

மேற்கு ஐரோப்பாவில் ஒரு கல்யாணம் செல்லுமா என்று தீர்ப்பளித்தது அரசனின் நீதிமன்றமல்ல, திருச்சபையின் நீதிமன்றம். 1140 வாக்கில் கிரேஷியன் தொகுத்த திருச்சபைச் சட்ட நூல், தன் விருப்பமில்லாமல் எந்தப் பெண்ணையும் யாருக்கும் மணமுடிக்கக் கூடாது என்றது. 1159 முதல் 1181 வரை போப்பாக இருந்த மூன்றாம் அலெக்சாண்டரின் காலத்தில் விதி இன்னும் கறாரானது. "உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்", "உன்னை என் கணவனாக ஏற்கிறேன்" என்று இருவரும் நிகழ்காலத்தில் சொன்னால் அந்த இடத்திலேயே கல்யாணம் முடிந்தது. "ஏற்பேன்" என்று எதிர்காலத்தில் சொன்னால் அது வெறும் நிச்சயம். அதன்பின் உடலுறவு நடந்தால் அதுவும் முழுக் கல்யாணமாகிவிடும். பாதிரியார், சாட்சி, தகப்பனின் அனுமதி, இவற்றில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கல்யாணம் செல்லும். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, கல்யாணத்தை முன்கூட்டியே தேவாலயத்தில் அறிவிக்கச் சொன்னது, ரகசியக் கல்யாணத்தைத் தடை செய்தது. ஆனால் ரகசியம் என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல கத்தோலிக்க நாடுகளில் 1563 வரையும், இங்கிலாந்தில் 1753 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏட்டில் இருந்தது வீட்டில் நடந்ததா? இங்கேதான் நாவலுக்கு வேண்டிய தீனி கிடக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த பாஸ்டன் குடும்பத்தின் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1449இல் எலிசபெத் பாஸ்டனுக்கு ஸ்டீபன் ஸ்குரோப் என்பவரைப் பேசினார்கள். மனைவியை இழந்தவர், ஏறக்குறைய 50 வயது, நோயால் முகம் சிதைந்தவர். எலிசபெத்தை வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை அடித்தார்கள். சில நாளில் ஒரே நாளில் இரண்டு முறை. இரண்டு மூன்று இடங்களில் மண்டை உடைந்தது என்று உறவுக்காரப் பெண் ஒருவர் எழுதிய கடிதம் சொல்கிறது. அடித்தது தாயின் வீட்டில். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஆளின் நிலம் வில்லங்கமில்லாமல் தன் பிள்ளைகளுக்கு வருமானால் ஒப்புக்கொள்ளத் தயார் என்கிறார் எலிசபெத். முகத்தைப் பற்றி அவர் பேரம் பேசவில்லை, பத்திரத்தைப் பற்றிப் பேசினார். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை.

20 ஆண்டு கழித்து, 1469இல், அதே குடும்பத்தின் மார்கரி, வீட்டுக் காரியஸ்தரான ரிச்சர்ட் கால் என்பவரை ரகசியமாக மணந்துகொண்டார். நார்விச் ஆயர் அழைத்து, என்ன வார்த்தை சொன்னாய் என்று துருவித் துருவிக் கேட்டார். மார்கரி சொன்ன வார்த்தைகளைத் திரும்பச் சொல்லிவிட்டு, இவை போதாதென்றால் இங்கிருந்து போகும் முன் போதுமானதாக்கிவிடுகிறேன் என்றார். தாய் வீட்டுக் கதவைச் சாத்தினார். கல்யாணம் நின்றது.

அரச குடும்பத்தில் இதைவிடப் பெரிய கலாட்டா. கென்ட்டின் ஜோன் 1340இல் தாமஸ் ஹாலண்டை ரகசியமாக மணந்தபோது அவருக்கு 12 வயதுதான் இருக்கும். ஹாலண்ட் போருக்குப் போயிருந்த சமயத்தில் குடும்பம் ஜோனை வில்லியம் மாண்டக்யூவுக்குக் கட்டி வைத்தது. வழக்கு போப்பிடம் போய், 1349இல் முதல் கல்யாணமே செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

ஆக, "மாட்டேன்" என்பது 12ஆம் நூற்றாண்டு நாயகியின் வாயில் பொருந்தும். பொருந்தாதது, அதைச் சொன்ன பிறகு அவளுக்கு ஒன்றுமே நடக்காமல் இருப்பது. நல்ல நாவலையும் சோம்பேறி நாவலையும் பிரிக்கும் இடம் இதுதான், கருத்து எழுதுகிறவர் நிற்க வேண்டிய இடமும் இதுதான். எழுதும் முன் மூன்று கேள்விகளுக்கு நாவலிலிருந்து பதில் எடுத்துவையுங்கள். இந்தக் கல்யாணத்தால் யாருக்கு என்ன லாபம்: நிலமா, சமாதானமா, கடன் தீர்வதா? பேசி முடித்தது யார்: தகப்பனா, அரசனா, தகப்பனில்லாப் பெண்ணின் பாதுகாவலர் உரிமையை விலைக்கு வாங்கிய பிரபுவா? அவள் மறுத்தால் என்ன இழப்பாள்? மூன்றாவது கேள்விக்கு நாவலில் பதிலே இல்லையென்றால், உங்கள் புகார் அதுவாக இருக்கட்டும். "அந்தக் காலத்துப் பெண் இப்படிப் பேச மாட்டாள்" என்பதல்ல.

பலவந்தக் காட்சிக்கும் இதே அளவுகோல்தான். உறுதியான மனம் படைத்தவரையும் அசைக்கும் அச்சத்தில் சொன்ன சம்மதம் சம்மதமல்ல என்று திருச்சபைச் சட்டமே வைத்திருந்தது. ஆனால் மறுப்புச் சொல்லாமல் அவனோடு குடும்பம் நடத்தினால் அந்த வாதம் பலமிழந்துவிடும். அதனால் தப்பிக்க நினைக்கும் நாயகிக்கு நாட்கள் முக்கியம். இந்தக் கணக்கை ஆசிரியர் பயன்படுத்தியிருந்தால் தயங்காமல் பாராட்டுங்கள், அபூர்வமாகத்தான் செய்கிறார்கள்.

கன்னிப்பெண், விதவை வித்தியாசத்தையும் கவனியுங்கள். 1185இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியின் அதிகாரிகள் விதவைகளையும் தகப்பனில்லாப் பிள்ளைகளையும் வயது, நில மதிப்புடன் பட்டியல் போட்டார்கள். இவர்களுக்குக் கல்யாணம் முடிக்கும் உரிமை அரசனுக்கு வருமானம். 1215இன் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம், தனியாக வாழ விரும்பும் விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. ஆகவே கதை 1200இல் நடக்கிறதா 1220இல் நடக்கிறதா என்று பார்க்காமல் விதவை நாயகியைக் குறை சொல்லாதீர்கள்.

"முதலிரவு நடக்கவில்லை, ஆகவே கல்யாணம் செல்லாது"

நாவலாசிரியர்களுக்கு மிகப் பிடித்த முடிச்சு, வாசகர்களும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். கல்யாணத்தை உண்டாக்கியது சம்மதம், படுக்கையல்ல. உறவு நடக்காத கல்யாணத்திலிருந்து துறவற மடத்தில் சேர்ந்து வெளியே வரலாம். கணவனுக்கு ஆண்மையில்லை என்று நிரூபித்தும் வெளியே வரலாம். தானாக எதுவும் கலைந்துவிடாது. இன்றைய பொருளில் விவாகரத்தும் கிடையாது. பெரிய இடங்களில் அதிகம் உதவியது இரத்த உறவு. அக்விடேன் எலினோர் 15 ஆண்டு வாழ்ந்து இரண்டு பெண் குழந்தைகள் பெற்ற பிறகு, பிரான்ஸ் அரசன் ஏழாம் லூயியுடன் நடந்த கல்யாணம் 1152 மார்ச்சில் உறவுமுறை காரணமாகச் செல்லாதென்று ஆனது. மே மாதமே வருங்கால இரண்டாம் ஹென்றியை மணந்துகொண்டார். அவரும் உறவுதான்!

பிரபுவின் "முதலிரவு உரிமை"

தன் குடிமகனின் மணப்பெண்ணோடு முதலிரவைக் கழிக்கப் பிரபுவுக்கு உரிமை உண்டு என்பார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததற்கு நம்பத்தக்க சான்றில்லை. நாவலில் வந்தால் கற்பனை என்று எழுதுங்கள்.

கற்புப் பூட்டு

கணவன் போருக்குப் போகும்போது மனைவியின் இடுப்பில் இரும்புப் பூட்டுப் போடும் கதை. அதுவும் அப்படியே.

வயதைப் பார்த்து அலறுவது

திருச்சபை வைத்த குறைந்தபட்ச வயது பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14. இதை வைத்து "எல்லோரும் 12 வயதில் குடும்பம் நடத்தினார்கள்" என்று எழுதுவது தவறு. மார்கரெட் போஃபோர்ட் 1457இல் 13 வயதில் வருங்கால இங்கிலாந்து அரசன் ஏழாம் ஹென்றியைப் பெற்றார். அதன் பிறகு அவருக்குக் குழந்தையே பிறக்கவில்லை. நில உடைமைக் குடும்பங்களில் வாக்குறுதி சீக்கிரம் நடக்கும், சேர்ந்து வாழ்வதைத் தள்ளிப்போடுவார்கள். 43 வயது நாயகனும் 17 வயது நாயகியும் வந்தால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதலாம். நம்ப முடியவில்லை என்று எழுத முடியாது. 1189இல் வில்லியம் மார்ஷலும் இசபெல் டி கிளேரும் ஏறக்குறைய அந்த வயதுகளில்தான் மணந்தார்கள், அதுவும் அரசன் கொடுத்த பெண்.

எல்லாவற்றையும் வரதட்சணை என்பது

பெண் வீட்டார் பெண்ணோடு அனுப்பும் நிலமோ பணமோ ஒன்று. கணவன் இறந்தால் விதவையின் ஆயுள் முழுவதும் அவள் பிழைப்புக்கு அவன் நிலத்திலிருந்து ஒதுக்கும் பங்கு வேறொன்று. இங்கிலாந்தில் அது பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, தேவாலய வாசலில் வைத்தே அறிவிப்பார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்கும் நாயகியைப் பேராசைக்காரி என்று திட்டிய கருத்துகள் ஏராளம். அவள் கேட்டது தன் வாழ்வாதாரத்தை.

"முடிவு முன்பே தெரிந்துவிட்டது"

காதல் நாவல். சேர்ந்துதான் ஆக வேண்டும்.

மொத்தமாக ஒரு நட்சத்திரக் கணக்கு

வரலாற்றுக்கு ஒரு மதிப்பெண், காதலுக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்து எழுதினால்தான் அடுத்தவருக்குப் பயன். படிக்கும்போதே நான்கு பக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கல்யாணம், இருவரும் தனியாகப் பேசும் முதல் இடம், முதலிரவு, அவளுக்காக அவன் தனக்கு வேண்டிய ஒன்றை முதன்முதலாக விட்டுக்கொடுக்கும் இடம். இந்த வகையில் கல்யாணம் தொடக்கத்திலேயே வந்துவிடும். காதல் அதற்குப் பிறகுதான் வளர வேண்டும். நான்காவது எண் கடைசி சில பக்கங்களில் விழுந்தால், நடுவில் இருப்பது படுக்கையறைக் காட்சிகளும் முற்றுகைகளும் மட்டும்தான் என்று அர்த்தம். அதை எண்ணோடு எழுதுங்கள். "காதல் ஒட்டவில்லை" என்ற வாக்கியத்தைவிட அது பத்து மடங்கு உதவும். பலவந்தக் காட்சி, அடி உதை, குழந்தை இறப்பு இருந்தால் கதையை உடைக்காமல் முதலிலேயே ஒரு வரி எச்சரியுங்கள்.

மார்ச் மாதக் கல்யாணம்

இது கொஞ்சம் நுணுக்கம், ஆனாலும் பாதி மட்டும் தெரிந்தவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலத்தில் திருச்சபை ஆடம்பரக் கல்யாணத்தை அனுமதிக்காது. அந்த நோன்பு எவ்வளவு தாமதமானாலும் மார்ச் 10க்குள் தொடங்கிவிடும், ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னால் வரவே வராது. ஆகவே மார்ச் 15 எந்த ஆண்டிலும் தவக்காலம்தான். மணியடித்து விருந்து வைத்தால் ஆசிரியர் மாட்டிக்கொண்டார். ஆனால் அதே நாளில் இரண்டு பேர் குதிரை லாயத்தில் நின்று "ஏற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டால், அது கல்யாணம். தண்டனை உண்டு, கல்யாணமும் உண்டு.